கூட வந்தவர் சொன்ன வியாதி

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் மனநல முகாம் நடந்தது. ஓய்வுபெற்ற மருத்துவ உளவியலாளர் என்ற மரியாதைக்காக, குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்ற என்னையும் அழைத்திருந்தார்கள். வாசலில் பெரிய பேனர். ‘பெரியவர்களுக்கும் கவனக்குறைபாடு உண்டு! இலவசப் பரிசோதனை, உடனடி முடிவு.’ உடனடி முடிவு என்பது சர்க்கரை அளவுக்குப் பொருந்தும். சந்தைக்கு வந்த மீனுக்கும் பொருந்தும். ஒரு மனிதன் நாற்பது வயதுவரை எப்படி வாழ்ந்தான் என்பதற்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே விளக்கை ஏற்றினேன்.

உள்ளே வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு டேப்லெட். என் எதிரே ஒரு கணவனும் மனைவியும். பரிசோதனை கணவனுக்கு. டேப்லெட் மனைவி கையில்.

“பொருளை அடிக்கடி தொலைப்பீர்களான்னு கேட்டிருக்கு. அத ஏன் கேக்கிய! போன வாரம் வண்டிச் சாவி. அதுக்கு முந்தி எங்கம்மா குடுத்த டிபன் கேரியர்.”

“கேரியர ஒங்க அண்ணன்லா கொண்டு போனான்?”

“நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்குத்தான் கவனம் கிடையாதே.”

அவள் தட்டத் தட்ட, திரை சிவப்பானது. ஓர் இளம் மருத்துவர் சிரித்த முகத்துடன் ஒரு சீட்டைக் கிழித்துக் கணவனிடம் கொடுத்தார். அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள், ஒரு காலத்தில் என் துறையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி போன் செய்தாள். “மேடம், பந்தியில இலை போட்டுத் தேடினோம். கோவமா?” ஆமாம் என்றேன். “எதுக்குன்னு எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடுறோம்” என்றாள். கோபத்தை அச்சில் போட இடம் தருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் படித்தது வெளியூரில். படிப்பு முடித்து இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எங்கள் துறை, தோல் வியாதிப் பிரிவுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் மருத்துவர், இன்னொன்றில் நானும் உடைந்த எடை இயந்திரமும். மற்றபடி அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் கற்றதைத்தான் நானும் கற்றேன். மறக்காமல் வைத்திருந்தது மட்டும் கொஞ்சம் அதிகம்.

மனச்சோர்வும் கவனக்குறைபாடும் ஒரே ஆளிடம் சேர்ந்து தெரிந்தால், மதிப்பீடு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது எது முன்னால் வந்தது என்பதைத்தான். துக்கத்தில் இருப்பவனுக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. அதேபோல, பிறவியிலேயே மனம் ஓரிடத்தில் நிற்காதவன் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கி, வாங்கியே சோர்ந்துபோவான். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே மாதிரிதான் தரையைப் பார்ப்பார்கள். வித்தியாசம் அவர்களுடைய பள்ளிக்கூடப் பிராயத்தில் கிடக்கிறது. அதை எடுக்க, அந்தப் பிராயத்தில் கூட இருந்த ஒருவர் வேண்டும். அதற்கு முன்னால் தைராய்டு, தூக்கம், குடி, தலையில் பட்ட அடி, காது, கண் எல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். பிறகு சோர்வுக்கு மருந்து கொடுத்து, அது குறையக் காத்திருந்து, கவனத்தை மறுபடி சோதிக்க வேண்டும். சோர்வோடு சேர்ந்து போனது சோர்வினுடையது. போகாமல் மிஞ்சியது அவனுடையது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதைக் குறுக்குவழியில் செய்ய முடியும் என்று சொல்பவர் வியாபாரம் செய்கிறார்.

காது என்று சொன்னேன். ஆரம்ப நாட்களில் சங்கு குளிக்கப் போகிற ஒருவரை அனுப்பியிருந்தார்கள். சீட்டில் ‘மந்தம், சோர்வு, கவனம் இல்லை’ என்றிருந்தது. கூட வந்தவர் படகுக்குச் சொந்தக்காரர். “கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டாம்மா. கடலுக்கு அடியிலயே மனச வச்சிட்டு வந்துருதான்” என்றார். எனக்கு முன்னால் மூன்று மருத்துவர்கள் பார்த்து, மூவரும் மாத்திரை எழுதியிருந்தார்கள். நான் அந்த மனிதரின் இடப்பக்கம் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவில்லை. வலப்பக்கம் வந்து கூப்பிட்டேன். லேசாகத் தலையைத் திருப்பினார். தண்ணீரின் அழுத்தத்தில் ஒரு செவிப்பறை கிழிந்து, இன்னொன்றும் பாதி போயிருந்தது. மூன்று பேரும் கூட வந்தவரிடமே கேட்டு, கூட வந்தவர் சொன்னதையே எழுதியிருக்கிறார்கள். ஒருவராவது நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இனி எங்கள் பெரிய டாக்டர். துறைத் தலைவர். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆவேசத்தில் கத்தியோடு வந்த ஒருவனை, “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க” என்ற ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிநோயாளி நாளில் அவர் வேறு ஆள். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி, பக்கவாட்டில் ஒரு ஸ்டூல். நாற்காலி கூட வந்தவருக்கு, ஸ்டூல் நோயாளிக்கு. “சொல்லுங்க, என்ன பண்றார்?” என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்பார். ஸ்டூலில் இருப்பவர் தன்னைப் பற்றி இரண்டு பேர் பேசுவதை, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். நோய் இன்னதென்று முடிவானதும் டாக்டர் பேனாவை மூடிவிடுவார். மூடிய பிறகு யார் என்ன சொன்னாலும் அது அந்த அறையில் சொல்லப்படாதது.

எங்கள் நோயாளிக் குறிப்பில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே, அவர் தந்த தகவல் எப்படிப்பட்டது என்று எழுத வேண்டும். நோயாளியோடு எவ்வளவு காலம் இருந்தார், எதைக் கண்ணால் பார்த்தார், எதைக் கேள்விப்பட்டார், அவர் சொல்வதால் அவருக்கு ஆகக்கூடிய காரியம் ஏதும் உண்டா. இவ்வளவையும் யோசித்துத்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பெரிய டாக்டர் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். ‘நம்பத்தக்கது, போதுமானது.’ எல்லோருக்கும் அதே முத்திரை. ஒரு கிழவியைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர் சொன்னதற்குக்கூட அந்த முத்திரை விழுந்திருக்கிறது. அவருக்கு அந்தக் கிழவியைப் பழைய பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தெரியும்.

இசக்கிமுத்து வந்தது நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. வயது முப்பதுகளின் நடுவில், கல்யாணம் ஆகவில்லை, ஊர் வேம்பார். துறைமுகத்துக்கு வெளியே ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டினார். கண்டெய்னரை மேலிருந்து கவ்வித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குமே, அந்தப் பெரிய வண்டி. பல வருடங்களாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர், ஒரு நாள் கண்டெய்னரை இறக்கும்போது பக்கத்தில் நின்ற டிரெய்லரின் முன்பகுதியை நசுக்கிவிட்டார். அதன் டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மனநலப் பரிசோதனைக்கென்று பணியாளர் விவகாரம் பார்க்கும் கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் அவரைத் தானே காரில் கூட்டிவந்தார். நாற்காலியில் ஆபீசர், ஸ்டூலில் இசக்கிமுத்து, சுவரோரம் நான்.

“என்ன பண்றார்?”

“கவனமே இல்ல சார். எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பார். யார்கிட்டயும் பேச்சு கிடையாது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தானாம். வேலையில சேரும்போது மறைச்சிட்டார்.”

நான் கேட்டேன். “சின்ன வயசுல இவரை உங்களுக்குத் தெரியுமா?”

ஆபீசர் என்னைப் பார்த்துப் பண்பாகச் சிரித்தார். “கேள்விப்பட்டதுதான் மேடம்.”

முத்திரை விழுந்தது. நம்பத்தக்கது, போதுமானது.

அந்த ‘மறைச்சிட்டார்’ என்ற சொல்லுக்காகத்தான் அவர் காரில் வந்திருக்கிறார். வேலையில் இருக்கும்போது வந்த நோய் என்றால் மருத்துவ விடுப்பு, சிகிச்சை, மாற்று வேலை என்று கம்பெனிக்குப் பல தலைவலி. முன்பே இருந்ததை மறைத்தார் என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் ஒரே கடிதத்தில் வெளியே அனுப்பிவிடலாம். பெரிய டாக்டருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வாசலைத் தாண்டி வரிசை நின்றது.

“டெஸ்ட் போட்டு நாளைக்குக் குடுத்திருங்க மேடம்” என்றார்.

“நாளைக்கு முடியாது சார். முதல்ல சோர்வு இருக்கான்னு பாக்கணும். இருந்தா அதுக்கு மருந்து. அது குறைஞ்சபிறகுதான் கவனத்தைப் பத்திப் பேச முடியும்.”

“இது என்ன பரீட்சையா, மறுதேர்வு வைக்கிறதுக்கு?”

“நீங்க எழுதினா ஒருத்தன் வேலை போகும். பரீட்சையில ஃபெயில் ஆனா அடுத்த வருசம் எழுதலாம்.”

“சரி, மருந்து நான் எழுதுறேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு நாள் எண்ணிக்கிட்டு இருங்க” என்றார். அவர் கோபப்படும்போதுதான் எனக்கு நேரம் கிடைக்கும்.

என் அறைக்கு வந்ததும் ஆபீசரை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். இசக்கிமுத்துவிடம் நாற்காலியைக் காட்டினேன். “பரவால்ல மேடம், நிக்கேன்” என்றார். உட்காரவைக்கவே கொஞ்சம் பாடாகிவிட்டது. எண்களைச் சொல்லி அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னார். தலைகீழாகச் சொல்லச் சொன்னபோது மூன்றாவது எண்ணில் நின்றார்.

“என்ன ஆச்சு?”

“நீங்க மொத நம்பர் சொல்லையிலயே ரோட்டுல ஹாரன் அடிச்சுது மேடம். லாரி இல்ல. டிரெய்லர்.”

சோர்வு பற்றிக் கேட்டேன். விடிவதற்கு நெடுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாட்டில் உப்பு உறைப்பு தெரிவதில்லை. வேலைக்குப் போகும்போது சைக்கிள் தானாகத் திரும்பிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்பது கேட்பவரின் பயம்.

“தோணும். ஆனா அதையுமே முழுசா நெனைக்க முடியல மேடம். நடுவுல வேற எதாவது வந்துருது.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அதைக் குறிப்பில் எழுதினேன். பெரிய டாக்டரிடம் உடனே போய்ச் சொன்னேன். அவரும், இதில் அவரைக் குறை சொல்லக் கூடாது, அடுத்த நோயாளியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பேசினார். அவர் தங்கியிருந்த வாடகை அறையில் தனியாக இருக்க விடக் கூடாது என்றார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா அம்மா இல்லை, ஓர் அக்கா மட்டும்தான் என்றார் இசக்கிமுத்து.

அக்கா பேச்சியம்மாள் அன்று மாலையே வேம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். உப்பளத்தில் வேலை செய்பவள். தம்பியை வளர்த்தது அவள்தான். நான் எதிர்பார்த்த ஆள் இவள்தான். மறுநாள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தம்பி சின்ன வயதில் எப்படி என்று கேட்டேன்.

“தங்கம்மா, தங்கம். பீடி தொட மாட்டான். ஒருத்தரையும் ஏறிட்டுப் பாக்க மாட்டான். பள்ளிக்கூடத்துல எப்பவும் மொத மார்க்குதான்.”

“எட்டாவது ஃபெயிலு” என்றார் இசக்கிமுத்து, தரையைப் பார்த்தபடி.

“ஏலே, சும்மா இருலே!”

இந்தத் தவறை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அத்தனையும் செய்யும். முன்பின் தெரியாத ஒருவர் கையில் பேனாவோடு, “பையன் எப்படி?” என்று கேட்டால், அவர் பெண் வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் என்றுதான் நாக்குக்குத் தோன்றும். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவருக்குச் சொல்கிற பதிலே வரும். பேச்சியம்மாள் தம்பிக்குப் பெண் வேறு தேடிக்கொண்டிருந்தாள். “கோட்டிக்காரன்னு ஒரு எழுத்து விழுந்துட்டா எவம்மா பொண்ணு குடுப்பான்?” என்று என்னிடமே கேட்டாள். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கேள்வியைத் தவறாகக் கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும்.

ஆகவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். இந்த ஊரில் பிள்ளைப் பிராயத்தை விசாரிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

“இவரைச் சின்னப் பிள்ளையில எதுக்கெல்லாம் வைவீங்க?”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வையாம என்னம்மா செய்ய? உலையை ஏத்தி வச்சுட்டு, பருப்பு வாங்கிட்டு வாலேன்னு அனுப்புனா, சவத்துப்பய கடைக்கே போயிருக்க மாட்டான். வழியில எவனாவது தண்ணிக்குப் போர் போட்டுக்கிட்டு இருப்பான், அங்கன நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பான். பையும் இருக்காது, எதுக்கு வந்தோம்ங்கிற நெனப்பும் இருக்காது. ரெண்டு காலுக்கும் ஒரே சோடி செருப்புப் போட்ட நாளே கெடையாது. சட்டை பட்டன எப்பவும் மாத்தித்தான் மாட்டுவான். ஒரு வாத்தியாரு இவனத் தன் மேசைக்குப் பக்கத்துலயே ஒக்கார வச்சு, அடிக்கொருதரம் தோள்ல தட்டிக்கிட்டே இருப்பாரு. அந்த வருசம் மட்டுந்தான் நல்லாப் படிச்சான்.”

“அந்த சார் நல்ல சார்” என்றார் இசக்கிமுத்து.

பேனாவை மறுபடி எடுத்தேன். கவனக்குறைபாடு சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. காரில் வந்த ஆபீசர், எதையும் பார்க்காமல், எதையும் தெரிந்துகொள்ளாமல் சொன்னது உண்மை.

ஆனால் இந்த இடத்தோடு நிறுத்திவிடுபவர் மதிப்பீட்டாளர் இல்லை, முத்திரை குத்துபவர். சின்ன வயதிலிருந்தே இருந்ததென்றால், இத்தனை வருடம் ஒரு கீறல் இல்லாமல் எப்படி ஓட்டினார்? அதை இசக்கிமுத்துவிடமே கேட்டேன்.

“முந்தி கீழ ஒரு ஆளு நிப்பாரு மேடம். கை காட்டுவாரு. அவரு கையை மட்டும் பாத்துக்கிட்டே இருப்பேன். வேற ஒண்ணையும் பாக்க வேண்டாம். பொறவு அவரத் தூக்கிட்டாவ.”

“எப்போ?”

“நைட் ஷிப்ட் போட்டப்ப. ஆளக் கொறச்சாங்க. அதுக்குப் பதிலா வண்டியில ஒரு வயர்லெஸ் வச்சாங்க. அதுல எல்லா வண்டிக்கும் சொல்லுத எல்லாமும் கேக்கும். எது எனக்குன்னு புடிக்கதுக்குள்ள அடுத்தது வந்துரும். தப்பா வைப்பேன். வைவாங்க. வீட்டுக்கு வந்தா அந்த வசவே காதுல கேட்டுக்கிட்டு இருக்கும். தூக்கம் போச்சு. அப்புறம் எல்லாம் போச்சு.”

இதுதான் வரிசை. பிறவியில் ஒரு குறை. அந்தக் குறைக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்த ஒரு மனிதன். அவனை நீக்கினார்கள். அதன் பிறகு பிழை, பிழைக்கு வசவு, வசவுக்குச் சோர்வு, சோர்வால் மேலும் பிழை. எப்போதிலிருந்து என்ற கேள்வியை இசக்கிமுத்துவிடம் மட்டும் கேட்டது போதாது. யார்டிடமும் கேட்டிருக்க வேண்டும்.

மருந்து வேலை செய்தது. பேச்சியம்மாள் அவரோடு தங்கினாள். சில வாரங்களில் தூக்கம் வந்தது, குழம்பில் புளி அதிகம் என்று அக்காவோடு சண்டை போடும் அளவுக்கு நாக்கு திரும்பியது. மறுபடி சோதித்தேன். முன்னைவிட நன்றாகச் செய்தார். ஆனாலும் மிஞ்ச வேண்டியது மிஞ்சியது. அறிக்கை எழுதினேன். சிறுவயது முதல் கவனக்குறைபாடு உள்ளது. மனச்சோர்வு வேலைச் சூழல் மாறிய பின் வந்தது, சிகிச்சையில் குறைந்துவருகிறது. பகல் வேலையும் கீழே கை காட்டும் ஆளும் இருந்த காலம் முழுவதும் பாதுகாப்பாக ஓட்டியிருக்கிறார். இப்போதைக்கு அந்த வண்டி வேண்டாம், வேறு வேலை செய்ய முழுத் தகுதி உண்டு.

பெரிய டாக்டர் அறையில் ஆபீசரும் இருந்தார். டாக்டர் என் அறிக்கையின் முதல் வரியைப் படித்ததுமே நிமிர்ந்தார்.

“அப்ப சார் சொன்னது சரிதானே மேடம்? சின்ன வயசுலேருந்தே.”

“சரிதான். அவருக்கே தெரியாம சரி.”

“அது போதும்.”

“போதாது சார். இவர் தகவல் நம்பத்தக்கதுன்னு ஸ்டாம்ப் போட்டிருக்கீங்க. அப்ப இன்னொரு தகவலும் இவர்கிட்டயே கேட்டுக்கிறேன்.” ஆபீசர் பக்கம் திரும்பினேன். “கீழ நின்னு கை காட்டுற ஆளை அங்கேருந்து எப்ப எடுத்தீங்க?”

“அது அட்மினிஸ்ட்ரேஷன் விஷயம் மேடம்.”

“எடுத்தது உண்டா, இல்லையா?”

“கேமரா வச்சிருக்கோமே.”

“கேமரா கை காட்டுமா?”

ஆபீசர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடினார். “யார்டுல ஆள் வைக்கிறதும் எடுக்கிறதும் சைக்யாட்ரி இல்ல மேடம். உங்க பக்கத்தை இணைச்சிடுறேன். என் முடிவு என் முடிவு.” அவருடைய முடிவு ஒரே வரி. வேலைக்குத் தகுதியற்றவர்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியம் எனக்கு ஆறவில்லை. மனிதன் எங்கே நிற்கிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், யார் அவனை வைகிறார்கள், எது அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது, இதெல்லாம் சைக்யாட்ரி இல்லை என்றால், நாங்கள் அந்த இரண்டு அறையில் உட்கார்ந்து என்னதான் பார்த்துக்கொண்டிருந்தோம்? மண்டை ஓட்டுக்குள் இருப்பது மட்டும்தான் எங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டால் கம்பெனிகளுக்கு எவ்வளவு வசதி! யார்டிலிருந்து ஆளை எடுத்தவனுக்குப் பரிசோதனை கிடையாது. எடுத்ததால் தடுமாறியவனுக்குப் பரிசோதனை.

கம்பெனி வேலைநீக்கக் கடிதம் அனுப்பியது. அதில் மேற்கோள் காட்டியிருந்தது டாக்டரின் வரியை அல்ல, என் வரியை. ‘சிறுவயது முதல் கவனக்குறைபாடு உள்ளது.’ அங்கேயே நிறுத்தியிருந்தார்கள்.

பேச்சியம்மாள் கடிதத்தோடு என் அறைக்கு வந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கக் கத்தினாள்.

“நான் தங்கம்னு சொன்னேம்லா! அத எழுதுனியளா? எதுக்கு வைவன்னு நைசாக் கேட்டு, என் வாயப் புடுங்கி, அத எழுதி என் தம்பி சோத்துல மண்ணப் போட்டுட்டியளே!”

“முழுசாத்தாம்மா எழுதினேன். அவங்க பாதியை வெட்டிட்டாங்க.”

“வெட்டுத மாதிரி ஏன் எழுதுனிய?”

படிக்காதவள் கேட்ட கேள்வி என்று தள்ள முடியவில்லை. எந்தப் பேராசிரியரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அதன் பிறகு நான் எழுதிய எந்த அறிக்கையிலும் குறையையும் அது எந்த நிலைமையில் தொல்லையானது என்பதையும் தனித்தனி வாக்கியமாக எழுதியதில்லை. ஒரே வாக்கியம். படிக்க மூச்சு வாங்கும். வெட்ட முடியாது.

விஷயம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. சமரசப் பேச்சுக்கு என்னையும் அழைத்தார்கள். ஆபீசர் அதே முதல் வரியைப் படித்தார். “கையெழுத்து மேடத்தோடதுதான்” என்றார்.

“என்னுடையதுதான். மிச்சத்தையும் படிங்க” என்றேன்.

“அது எங்க நிர்வாக முறையைப் பத்தினது. இதுக்குச் சம்பந்தமில்ல.”

“சம்பந்தமில்லாததை நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறதில்ல. நீங்க படிக்கலேன்னா நான் படிக்கிறேன்.” படித்தேன். கடைசி எழுத்து வரை, நிறுத்தி நிதானமாக.

தொழிலாளர் அலுவலர் களைத்த மனிதர். அவர் மேசையில் அன்று இன்னும் எத்தனையோ வழக்கு இருந்தது. ஆனாலும் அவர் என்னையும் ஆபீசரையும் விட்டுவிட்டு, ஓரத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவைப் பார்த்தார். இந்த விவகாரம் முழுவதிலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க.”

இசக்கிமுத்து எழுந்து நின்றார். “வேலை வேணும் சார். அந்த வண்டி வேண்டாம். எனக்கே இப்பப் பயமா இருக்கு. ஆனா அந்த வண்டிக்கு ஒரு ஆள் வேணும். கீழ நிக்கதுக்கு.”

அலுவலர் எழுதிக்கொண்டார். பல தடவை கூப்பிட்டு, பல தடவை ஒத்திவைத்து, கடைசியில் வேலை திரும்பக் கிடைத்தது. எண்களைத் தலைகீழாகச் சொல்ல முடியாதவர் என்று நான் எழுதிய அறிக்கையைப் படித்த அந்த நிர்வாகம், அவரைக் கொண்டுபோய் வாசலில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்காரவைத்தது. முட்டாள்தனமா, விஷமமா என்று எனக்கு இன்றும் தெரியாது. மறுபடி எழுதினேன், ஒரே வாக்கியமாக. பிறகு ஒர்க்‌ஷாப்பில், ஒரு மெக்கானிக்குக்குத் துணையாகப் பகல் வேலை கொடுத்தார்கள். டயர் கழற்றுவது, கிரீஸ் வைப்பது. பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள். அது அவருக்குப் பொருந்தியது. இதை எங்கள் துறையில் வெற்றி என்று சொன்னார்கள். பெரிய டாக்டர்கூட ஒரு கூட்டத்தில், நமது துறையின் சாதனை என்று குறிப்பிட்டார். நான் முன்வரிசையில் இருந்தேன். கைதட்டவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் இசக்கிமுத்து மறுபரிசோதனைக்கு வந்தார், தனியாக. நன்றாகச் சதை போட்டிருந்தார். மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும் கட்டம். தூக்கம், பசி, எல்லாவற்றையும் முறைப்படி கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில்.

“மனசு எப்படி இருக்கு?”

“மனசு நல்லாத்தான் இருக்கு மேடம். யார்டுலதான் இன்னும் ஆள் போடல. இப்ப ஓட்டுத டிரைவரு ராத்திரி ஒத்தையிலதான் ஓட்டுதாரு. அவருக்கு வியாதி ஒண்ணும் கெடையாது.” சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அதனால அவருக்காக எழுத யாரும் இல்ல.”